உடவத்தகெலேயில் பார்க்க என்னதான் இருக்கிறது?

கேள்வி: 8 ஒக்டோபர் 2023

டிசெம்பர் விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளோடு கண்டிக்கு வருகிறோம். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, வாவியைச் சுற்றி ஒரு நடை, இவ்வளவுதான் திட்டம். நகரத்துக்குள்ளேயே உடவத்தகெலே என்று ஒரு காடு இருக்கிறதாம். போய் வந்த மச்சான், "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு குளமும் அட்டையும்தான்" என்கிறார். டிக்கெட் எடுத்து உள்ளே போகிற அளவுக்கு ஏதாவது இருக்கிறதா? கண்டியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

8 ஒக்டோபர், இரவு

இருக்கிறது. கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் மச்சான் சொன்னதில் பொய்யில்லை. குளமும் உண்டு, அட்டையும் உண்டு. ஆனால் அந்த இரண்டையும் சுற்றி ஒரு காடு நிற்கிறதே, அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இடம் தெரியாதவர்களுக்கு: தலதா மாளிகைக்குப் பின்னால் உயர்ந்து தெரிகிற பச்சை மேடுதான் அது. டி. எஸ். சேனாநாயக்க வீதியால் வடக்கே போய் வலப்பக்கம் ஏறும் தெருவில் திரும்பினால் நடந்தே வாசலை அடையலாம். ஏற்றம் மூச்சு வாங்கும், சின்னவன் இருப்பதால் ஆட்டோ பிடித்துவிடுங்கள். காட்டின் பரப்பு 104 ஹெக்டேர். பேராதனைப் பூங்கா 59 ஹெக்டேர்தான். கண்டியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, பூங்காவை விடப் பெரிய காடு ஒன்று மாளிகைக்குப் பின்னாலேயே இருப்பது தெரியாது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யானை இல்லை, சிறுத்தை இல்லை. இங்கே இருப்பதெல்லாம் சின்னது, மெல்ல நடமாடுவது, இல்லாவிட்டால் இலைக்குள் மறைந்திருப்பது. கேளையாடும் சருகுமானும் முள்ளம்பன்றியும் உண்டு, ஆனால் பகலில் கண்ணில் படுவது அபூர்வம். வில்பத்து, யால தேசிய பூங்காக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் அந்தக் கண்ணோடு இங்கே வந்தால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

9 ஒக்டோபர்

குளத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட முடியாது. வாசலிலிருந்து அதிக தூரமில்லை, சின்னவனும் நடப்பான். கண்டி இராசதானி காலத்தில் இந்த மேடு முழுவதும் அரண்மனைக்கு மேலே இருந்த அரச தோட்டம். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது. குளம் அரச குடும்பத்தார் குளித்த இடம் என்பார்கள். அடியில் பொற்காசுகள் கிடக்கின்றன, சிவந்த கண்ணுள்ள நாகம் ஒன்று அவற்றைக் காவல் காக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. என் அம்மா இதைச் சொல்லித்தான் எங்களைக் கரையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வைப்பார். கரை வழுக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

தண்ணீர் தெளிந்திருக்காது. தேநீர் நிறமும் பச்சையும் கலந்த நிறம், மேலே சுற்றியுள்ள மரங்களின் இலைகள் மிதக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. நிழல் விழாத ஒரு பக்கத்தைத் தேர்ந்து அசையாமல் நில்லுங்கள். நீரில் சாய்ந்து கிடக்கும் கட்டையில் கறுப்பாக ஏதோ முடிச்சு என்று நினைத்திருப்பீர்கள். அது கழுத்தை நீட்டும். கருப்பு ஆமை. ஒன்றைக் கண்டால் கட்டையில் வரிசையாக மற்றவையும் தெரியத் தொடங்கும். அடுத்து மீன்களின் வாய் மேற்பரப்பில் வட்டம் போடும். அதன் பிறகு, அதிர்ஷ்டம் இருந்தால், பெரிய சிவந்த அலகுள்ள மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் அதுவரை உட்கார்ந்திருந்தது கண்ணுக்குப் புலப்படும். பறந்து வந்திருக்காது. நமக்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

அரசர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவன், பிறவிப் பெயர் கண்ணுசாமி. கீழே நாம் சுற்றி நடக்கிற வாவியை 1807இல் கட்டுவித்தவன் அவன். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். தன் தோட்டத்துக் குளத்தை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. மாளிகையில் அவனைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளை இங்கேயும் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று நினைப்பேன்.

9 ஒக்டோபர், சற்றுப் பிறகு

அட்டை. இதைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டீர்கள்.

மழை பெய்த மறுநாள் அட்டை இல்லாமல் இந்தக் காட்டுக்குள் நடக்க முடியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம், டிசெம்பரிலும் ஈரம் இருக்கும். ஆகவே வரும் என்றே வைத்துக்கொண்டு வாருங்கள். நீளக் காற்சட்டை, அதன் கால்வாயைக் காலுறைக்குள் செருகுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து. காலுறைக்கு மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்து விடுங்கள். உப்புத் தூளை ஒரு துணியில் முடிந்து கையில் வைத்திருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், சிலர் தேசிக்காய் தேய்ப்பார்கள், சிலர் சித்தாலேப தைலம் பூசுவார்கள். எல்லாம் கொஞ்ச நேரம் வேலை செய்யும், மழை கழுவியதும் தீர்ந்துவிடும்.

கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். அட்டையின் இரு முனையும் தோலில் ஒட்டும். மெல்லிய முனைதான் வாய். விரல் நகத்தைத் தோலோடு சேர்த்து அந்த முனைக்கு அடியில் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளி எறியலாம். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், காரணம் அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. சுத்தமான தண்ணீரில் கழுவி அழுத்திக் கட்டினால் போதும். நோய் பரப்பும் என்ற பயமும் வேண்டாம். அரிப்பைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் தொல்லை.

பாதையில் ஒரு தடவை குனிந்து பாருங்கள் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். நம் காலடி அதிர்வும் மூச்சும் பட்டதும் காய்ந்த இலையின் விளிம்பில் ஒரு நூல் எழுந்து நிற்கும். அடி முனை இலையில் ஒட்டியிருக்க, மேல் முனை காற்றில் இடமும் வலமுமாகத் துழாவும். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் அது இடப்பக்கம் வளையும். கண் தெரிகிறது என்று சத்தியம் செய்யலாம் என்று தோன்றும். பிள்ளைகளுக்குப் பயம் போவதற்கு இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை.

11 ஒக்டோபர்

குரங்கு: கையில் உணவுப் பொதி தெரியக்கூடாது. அவ்வளவுதான் விதி. வாழைப்பழம் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் நான் வாய்விட்டே சொல்லிவிடுவேன். தலை மயிர் உச்சியிலிருந்து வட்டமாக விரிந்த இந்தக் குரங்கு இலங்கையில் மட்டுமே உள்ளது. காட்டுப் பழத்தைக் கன்னப்பையில் அடைத்து, தூரப் போய் உட்கார்ந்து, விதையைத் துப்புவது அதன் வேலை. பணிஸ் தின்னப் பழகினால் வாசலை விட்டு நகராது.

14 ஒக்டோபர்

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். "பார்க்க ஒன்றுமில்லை" என்று உங்கள் மச்சான் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது, அவர் நினைத்த காரணத்தால் இல்லை. அவர் எந்தப் பக்கமாக நடந்தார் என்று கேட்டுப் பாருங்கள். காட்டின் சில சரிவுகளில் உண்மையாகவே ஒன்றுமில்லை.

கேட்டால் விசித்திரமாக இருக்கும், எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அந்தச் சரிவுகளில் நின்று நிலத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரே வகைக் கன்றுகள், நாற்றுமேடை போல நெருக்கமாக, கண் போகும் வரை. மேலே அண்ணாந்தால் அதே மரத்தின் தாய்கள். பெரு பல்சம் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம், 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தோட்டம் வழியாக நாட்டுக்குள் வந்தது. அதன் விதைக்கு ஒரு நீண்ட சிறகு உண்டு. காற்றில் சுழன்று விழும். ஒன்றைப் பொறுக்கி மேலே எறிந்தால் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. அந்தச் சிறகுதான் வினை. ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் விழுந்து, நிழலிலும் முளைத்து, காத்திருக்கும். அந்தக் கன்றுக் கூட்டத்துக்குள் ஆசினி முளைக்காது, நாகமரம் முளைக்காது, கித்துள் முளைக்காது. தரையில் படரும் சிறு செடி எதுவும் வராது. செடி வராத இடத்தில் பூச்சி இல்லை, பூச்சி இல்லாத இடத்தில் சிலம்பன் குருவி இல்லை. சத்தமே இராது. நான் முதலில் அந்த அமைதியை அழகு என்று எண்ணி நின்றிருக்கிறேன்.

மறுபக்கம், பழைய காடு மிஞ்சியிருக்கிற இடத்துக்கு வந்தால் காதாலேயே வேறுபாடு தெரியும். மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் ஒரே தாளத்தில் மணிக்கணக்காகக் கூப்பிடும். தவிட்டு நிறச் சிலம்பன் ஜோடி புதருக்கடியில் இலைகளைப் புரட்டும். தலைகீழாகத் தொங்கித் தூங்குகிற சின்னக்கிளி உச்சியில் கீச்சிட்டுப் பறக்கும். மூன்றும் இந்த நாட்டுக்கே உரியவை, மூன்றையும் மாளிகையிலிருந்து நடக்கும் தூரத்தில் கேட்கலாம். ஒக்டோபருக்குப் பிறகு வந்தால் இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவியும் தரையில் தத்தித் திரியும். ஆகவே உள்ளே போனதும் கேட்க வேண்டிய கேள்வி "என்ன விலங்கு இருக்கிறது?" இல்லை. "எந்தப் பக்கம் இன்னும் காடாக இருக்கிறது?"

15 ஒக்டோபர்

நேற்றைய குறிப்புக்கு ஒருவர் எதிர்ப்பு எழுதியிருக்கிறார்: பச்சை என்றால் பச்சைதான், மரம் எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, நிழல் தருகிறது, சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்டச் சொல்வது பாவம் என்று.

வெட்டச் சொல்லவில்லை ஐயா. அவசரப்பட்டு வெட்டினால் இன்னும் கெடும். வானம் திறந்து வெயில் தரையில் விழுந்தால் கொடிகள் ஒரே மழையில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மண்ணும் ஓடும். இந்த மேட்டில் விழுகிற மழை கீழே நகரத்துக்குள்தான் இறங்குகிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே இதை நீரேந்துப் பகுதி என்று காத்தார்கள், 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். ஆனால் "சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது" என்பதை நேரில் போய்ப் பாருங்கள். மரத்தின் ஆழ வேர் பிடிக்கும், சரி. மேல்மண்ணைப் பிடிப்பது தரைச் செடியும் மக்கிய இலையும்தான். செடி இல்லாத சரிவில் கனமழை நேரத்தில் நின்றால் பாதையில் வருகிற தண்ணீரின் நிறமே சொல்லிவிடும்.

கன்றுகளைப் பிடுங்குவதும், நாட்டு மரங்களை நட்டு அவை உயரும்வரை பாதுகாப்பதும்தான் செய்யக்கூடியது. மகோகனிக்கும் இதே பேச்சு. நல்ல விலை போகிற மரம் என்பதற்காக அதை இந்தக் காட்டின் மரமாக எண்ண வேண்டாம்.

19 ஒக்டோபர்

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எல்லார் வீட்டுக்கும்.

மணிபிளாண்ட். போத்தலில் தண்ணீர் ஊற்றி, குசினி யன்னலில் வைத்தால் உள்ளங்கை அளவு இலையோடு அடக்கமாக வளரும். உடவத்தகெலேயில் அதே கொடியை மரத்தில் பார்த்தால் அடையாளமே தெரியாது. இலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், அதற்கும் மேல், ஓரங்கள் கிழிந்து கிழிந்து. தண்டு கட்டை விரலைவிடத் தடிப்பு. தரையெல்லாம் பாய் விரித்துப் படர்ந்து, மரம் கிடைத்ததும் ஏறிவிடும். பசிபிக் சமுத்திரத்துத் தீவொன்றின் செடி. பூப்பதே மிக அபூர்வம், விதையால் பரவுவதில்லை. அப்படியென்றால் இவ்வளவும் எப்படி வந்தது? ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் வந்த துண்டின் தொடர்ச்சி. காட்டின் எல்லையைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன. வேலிக்கு மேலால் எறிகிற குப்பையில் ஒரு கணு இருந்தால் போதும்.

அனுமதியோடு பிடுங்கப் போன தொண்டர்களோடு சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போயிருக்கிறேன். வேலை பார்ப்பதற்கு எளிது. இழுத்தால் பொலபொலவென்று வந்துவிடும். பிறகுதான் தெரியும். இழுக்கும்போது ஒவ்வொரு கணுவிலும் ஒடிகிறது, ஒடிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. ஆகவே முழங்காலில் இருந்து விரலால் மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். மரத்தில் ஏறியதை அடியில் வெட்டிவிட்டோம், காய்ந்துவிடும் என்று நினைத்தோம். அடுத்த தடவை போனபோது மேல்பாதி பட்டையில் வேர் ஊன்றி, கீழே ஒரு புது வேரைத் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் "இதைத்தானே நான் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன்" என்று தலையில் கை வைத்தார். எல்லாரும் சிரித்துவிட்டோம், ஆனால் அன்று பின்னேரம் எல்லாரும் வீட்டுப் போத்தலைத்தான் போய்ப் பார்த்திருப்போம்.

வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. வெட்டிய துண்டைத் தோட்டத்து மூலையில், ஓடையில், மதிலுக்கு அப்பால் போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு எறியுங்கள். இந்தக் காட்டுக்கு வராதவர்களும் செய்யக்கூடிய உதவி இது ஒன்றுதான்.

20 ஒக்டோபர்

பாம்பு இருக்கிறதா என்று கேட்ட தங்கைக்கு: இருக்கிறது. கவனிக்க வேண்டியது மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சிறிய விரியன். காய்ந்த இலையின் நிறம். இலைக்குள் சுருண்டு கிடந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது. நம் நாட்டில் அதிகம் கடிக்கிற பாம்புகளில் ஒன்று. இங்கே பயன்படுத்தும் இந்திய விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சைதான். ஆகவே பாதையை விட்டு இறங்க வேண்டாம், இலைக் குவியலில் உட்கார வேண்டாம், விழுந்த கட்டையைக் கையால் புரட்ட வேண்டாம். கடித்துவிட்டால் கட்டு, கீறல், நாட்டு மருந்து என்று நேரம் போக்காமல் நேரே கண்டி தேசிய வைத்தியசாலை. பத்து நிமிட ஆட்டோப் பயணம். இதைக் கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வராமல் விட்டுவிடாதீர்கள். பாதையில் நடக்கிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு.

2 நவம்பர்

மழை தொடங்கிவிட்டது. நேற்றுக் குடையோடு போனேன். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து, இந்த மழையில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்றார். தவளை என்றேன்.

குளத்துத் தவளையைச் சொல்லவில்லை. பாதையோரப் புதரிலிருந்து, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்போடு, டிக், டிக் என்று கூப்பிடுகிற புதர்த்தவளை. இதற்குக் குளமே வேண்டாம். தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஈரமான இலைமண்ணுக்குள் முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் முடிந்து, கால் முளைத்த குட்டித் தவளையாகவே வெளியே வரும். பள்ளியில் தவளையின் வாழ்க்கை வட்டம் என்று நாம் வரைந்த படம் இந்த மண்ணின் பல தவளைகளுக்குப் பொருந்தாது. என் மகள் இதைக் கேட்டதும் டீச்சரிடம் சொல்லட்டுமா என்றாள். சொல் என்றேன்.

இப்போது 14ஆம் திகதி எழுதியதோடு சேர்த்துப் பாருங்கள். முட்டையிட மக்கிய இலை வேண்டும், ஈரம் வேண்டும், நிழல் தரும் சிறு செடி வேண்டும். வெறும் சரிவில் தவளை எங்கே முட்டையிடும்? குளம் நிரம்பியிருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிற அதே வேளை, குளத்தை நம்பாத உயிர்களுக்கு வீடு போய்க்கொண்டிருக்கலாம்.

5 நவம்பர்

காதலர் தொல்லை பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். குடும்பத்தோடு போக முடியவில்லையாம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இந்த நகரத்தில் யாரும் விரட்டாமல் இரண்டு பேர் உட்கார்ந்து பேச எத்தனை இடம் இருக்கிறது? அவர்கள் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், மரத்தில் பெயர் செதுக்காத வரை காட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. செதுக்கினால் நானே போய்ச் சண்டை பிடிப்பேன். கோபப்பட வேண்டியது பொலித்தீனுக்கும் போத்தலுக்கும். அதில் குடும்பமாக வருகிறவர்கள்தான் முன்னணியில்.

தனியாக வருகிற பெண்கள் காலையில், ஆள் நடமாட்டமுள்ள பெரிய பாதையில் போவது நல்லது. அதுதான் லேடி ஹோர்ட்டன் பாதை. 1830களில் ஆளுநராக இருந்த ஹோர்ட்டனின் மனைவி பெயர். உள்ளே பிரியும் ஒற்றையடிப் பாதைகளுக்குத் துணையோடு போங்கள்.

12 நவம்பர்

மழை விடவில்லை, வெளியே போக முடியவில்லை, ஆகவே கொஞ்சம் அலைகிறேன்.

காட்டுக்குள் பௌத்த துறவிகளின் ஆச்சிரமங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக்க தேரர் 1952 முதல் 1994இல் காலமாகும் வரை வாழ்ந்தார். பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவர். உலகம் முழுவதும் போன எத்தனையோ நூல்கள் இந்த மரங்களுக்கடியில் எழுதித் திருத்தப்பட்டவை. அந்தப் பக்கம் நடக்கும்போது குரலைத் தாழ்த்துங்கள், துறவிகள் இப்போதும் இருக்கிறார்கள்.

காட்டின் அடிவாரத்தில், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலேயப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டம். 1817இல் தொடங்கியது. கல்லில் வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் மனம் கனக்கும்: இருபத்து சொச்சம், முப்பது, கைக்குழந்தைகள். காய்ச்சலும் வயிற்றோட்டமும்தான் பெரும்பாலும். யானை மிதித்து இறந்தவர் ஒருவரும் இருக்கிறார், 1856. அதே வருடம்தான் மேலே இருக்கும் காடு ஒதுக்குக் காடானது. உங்கள் மூத்தவளுக்கு இந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சின்னவனுக்குப் பொறுமை இராது.

30 நவம்பர்

வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: இப்படி எழுதி எழுதி ஆட்களைக் கூப்பிடுகிறீர்களே, கூட்டம் வந்தால் காடு தாங்குமா?

நானும் இதை நினைத்துக் குழம்பியதுண்டு. அரசர் காலத்தில் யாரையும் விடாமல் காத்தார்கள், காடு நின்றது. இன்று வேலி போட்டு மூடினால்? பெரு பல்சத்தின் விதைக்கு வேலி தெரியாது. மதிலுக்கு மேலால் வருகிற மணிபிளாண்ட் துண்டுக்கு டிக்கெட் வேண்டாம். எல்லைக்குள் ஒரு அடி, இரண்டு அடி என்று நகர்கிற சுவர்களைக் கவனித்துச் சொல்ல ஆள் இருக்காது. நடக்கிறவர்கள் இருப்பதால்தான் விழுந்த மரம், வெட்டிய மரம், கொட்டிய குப்பை எல்லாம் வெளியே தெரிகிறது. ஆகவே வாருங்கள் என்றே சொல்வேன். பாதையில் நடங்கள், சத்தம் போடாதீர்கள், எதையும் கொண்டுவராதீர்கள், எதையும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: 27 டிசெம்பர்

போய் வந்தோம். அட்டை எனக்கு மூன்று, மகளுக்கு ஒன்று, மனைவிக்கு இல்லை. சவர்க்காரம் பூசியது அவர் மட்டும்தான். ஆமை பார்த்தோம். சின்னவன் சிறகு விதையை மேலே எறிந்து எறிந்து விளையாடினான், மகள் அவனைப் பிடித்து நிறுத்தி அது கெட்ட மரம் என்று விளக்கம் கொடுத்தாள். ஒரு சந்தேகம். கையளவு தடித்த கொடி மரத்துக்கு மரம் தொங்குகிறதே, அதன் காய் என் மகளின் உயரத்தில் பாதி இருந்தது. அதுவும் பிடுங்க வேண்டிய கொடியா?

27 டிசெம்பர், இரவு

இல்லை, அதைத் தொட வேண்டாம்! அது இந்தக் காட்டின் சொந்தக் கொடி, சிங்களத்தில் புஸ்வெல். அவரை இனம்தான், காய் ஒரு மீட்டருக்கு மேலும் நீளும், உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான பழுப்பு விதைகள். அந்தத் தடிப்புக்கு வர நீண்ட காலம் எடுக்கும். குரங்கும் அணிலும் மரத்துக்கு மரம் போக அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. விதை வழவழவென்று இருப்பதால் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். உங்கள் சின்னவனின் பையையும் ஒருமுறை பாருங்கள், இருந்தால் அடுத்த பயணத்தில் கொண்டுவந்து போட்டுவிடச் சொல்லுங்கள்.

மரம் கெட்டதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். தன் ஊரில் அதுவும் நல்ல மரம்தான், அங்கே அதை நம்பியும் உயிர்கள் இருக்கின்றன. இடம் மாற்றி வைத்தது நாம்.

அட்டை வேண்டாம் என்பவர்கள் பெப்ரவரி, மார்ச்சில் வாருங்கள், தரை காய்ந்திருக்கும், குளத்தில் நீர் தாழ்ந்து ஆமைக் கட்டைகள் முழுதாக வெளியே தெரியும். தவளை கேட்க வேண்டும் என்பவர்கள் மழையில்தான் வர வேண்டும். வீடு திரும்பியதும் சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் ஒரு குச்சியால் சுரண்டிவிடுங்கள். அடுத்து நீங்கள் நடக்கப் போவது வேறொரு காடாக இருக்கலாம்.